சொல்லாமல் ஓங்கிய கை

— இன்னொரு காலையும் நீட்டுங்க.

— வேணாம். ஒரு ஷூ கழட்டினது போதும். எந்திரி.

— ஒத்தை ஷூவோட எப்படி…

— அது என் பாடு. எந்திரின்னு சொன்னேன், கேட்டுதா? விரல் முட்டியெல்லாம் வீங்கிக் கெடக்கு. அந்தக் கையால என் காலைத் தொடாத.

— கோவமா இருக்கீங்களா?

— அந்த 'ங்க' வேணாம். இன்னிக்கு நீ என் வீரனும் இல்ல, நான் உன் தலைவியும் இல்ல. புருஷன் பொண்டாட்டியா நேருக்கு நேர் நின்னு பேசு. நீ, வா, போன்னே பேசு.

— கதவைச் சாத்தினப்புறம் அப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்லையே.

— பழகிக்கோ. நேத்து என் ஓட்டல் பின்வாசல்ல வந்து என் கேக் மாஸ்டர் மூக்கை உடைச்சியே, அது மட்டும் பழக்கமா?

— நான்தான் சொன்னேனே. அவன் உங்களை… உன்னைப் பத்தி அசிங்கமாப் பேசினான்.

— அவரா? என்கூட ஒரே மேஜையில நின்னு மாவு பிசையிறவர். சூடான தட்டை நான் தூக்கப் போனா, கேக்காமலே ஓடிவந்து துணி நீட்டுறவர். அவரா என்னைப் பத்தி அசிங்கமாப் பேசினார்?

— ஆமா.

— என்ன பேசினார்?

— சொல்ல வாய் கூசுது.

— அடிக்கக் கை கூசலையே.

— அதாவது… இப்ப ஒரு லிஃப்டை எடுத்துக்கோ. மேல கயிறு அறுந்துச்சுன்னா, அடியில இருக்கற பிடிப்பான் யாரையும் கேட்டுட்டு நிக்காது. தானாப் போய்க் கவ்விக்கும். அது மாதிரிதான் என் கை…

— உன் லிஃப்ட் மெக்கானிக் கதையெல்லாம் கம்பெனியில போய்ச் சொல்லு. எந்தக் கயிறு அறுந்துச்சு? நான் உள்ள அடுப்பு முன்னாடி முழுசாத்தானே நின்னுட்டிருந்தேன்?

— உன் மானத்துக்கு ஒண்ணுன்னா நான் பாத்துட்டு நிக்கணுமா? அப்புறம் நான் எதுக்கு வீரன்?

— என் மானம் என் கையில இருக்கு. அதை உங்கிட்ட குடுத்து வைக்கல. அந்தக் கிச்சன்ல இருக்கற அத்தனை ஆம்பளைங்களும் 'சரி செஃப்'னு சொல்றதுக்கு நான் எத்தனை பேர்கிட்ட மல்லுக்கட்டியிருக்கேன்னு உனக்குத் தெரியும். இன்னிக்குக் காலையில போய் நின்னா, உப்பு கம்மின்னு சொன்னதுக்கு ஒருத்தன் பயந்து ரெண்டடி பின்னால போறான். என்னைப் பாத்துப் பயப்படல. செஃப் சொல்றதைக் கேக்கலைன்னா புருஷன் வந்து மூக்கை உடைப்பான்னு பயப்படுறான். இவ்வளவு நாள் சம்பாதிச்சதை ஒரே குத்துல காலி பண்ணிட்ட.

— உனக்காகத்தானே…

— எனக்காகன்னு இன்னொரு தடவை சொல்லாத. நான் கேட்டேனா? வாசல்ல நில்லுன்னேன், நின்ன. என் சமையல் கத்திப் பையைத் தூக்கிட்டு வான்னேன், தூக்கின. மூக்கை உடைன்னு எப்பச் சொன்னேன்?

— எல்லாத்தையும் சொல்லித்தான் செய்யணுமா?

— ஆமா. அதான் பேச்சு. இதை ஆரம்பிச்சது யாரு? நானா?

— நான்தான்.

— கல்யாணமான புதுசுல இதே சோஃபா முன்னாடி வந்து நின்ன. சின்ன வயசுல ஒரு படக்கதைப் புத்தகத்துல, இரும்புச் சட்டை போட்ட குதிரைவீரன் ஒருத்தன் ராணி முன்னாடி ஒத்தை முட்டி போட்டு வாளை நீட்டுற படத்தைப் பாத்தேன், இன்னும் அந்தப் பக்கத்தைத் தாண்டலன்னு சொன்ன. நான் சிரிச்சேன். நீ அழுத.

— நான் அழல.

— கண்ணுல தண்ணி வந்துச்சு.

— அது வேற.

— சரி, வேற. நாள் முழுக்கக் கத்திக் கத்தி ஆளை நடத்திட்டு வர்றேன், வீட்டுலயும் நடத்தணுமான்னு கேட்டேன். நீ என்ன சொன்ன?

— கத்த வேணாம், ஒரு பார்வை போதும்னேன்.

— அதுக்கப்புறம்தான் நானும் யோசிச்சேன். எனக்கும் பிடிச்சிருந்துச்சு, இல்லைங்கல. உன் ரெண்டு கையையும் என் கைக்குள்ள வச்சு சத்தியம் பண்ணியே, என்னன்னு பண்ண? சொல்லு.

— இப்ப எதுக்கு அது?

— சொல்லு.

— சொன்னதைச் செய்வேன். சொல்லாம யார் மேலயும் கை ஓங்க மாட்டேன்…

— அப்புறம்?

— உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்.

— அதை மட்டும் ஏன் வாய்க்குள்ளயே முனகுற? முதல்ல நிமிந்து பாரு. நான் கூப்பிடாம கை ஓங்குறவன் வீரன் இல்ல. ரவுடி. ரவுடிக்குக் காலை நீட்டிட்டு உக்கார எனக்கு ஆசை இல்ல.

— இப்படிப் பேசாத.

— யாரோ கதவைத் தட்டுறாங்க. போய்த் திற.

— என்னடா தம்பி, உள்ள இருந்துக்கிட்டு இவ்வளவு நேரமா? ஐஸ் கொண்டு வந்திருக்கேன். கையைக் காட்டு. ஐயோ, இப்படியா வீங்கும்!

— ஒண்ணுமில்லக்கா. சும்மா லேசா.

— சும்மா சொல்லக்கூடாது, நேத்து கேள்விப்பட்டதுலருந்து எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. என்னம்மா, நீ ஏன் முகத்தைத் தூக்கி வச்சுட்டிருக்க? உன்னை ஒருத்தன் ஒரு சொல் சொன்னான், என் தம்பி சும்மா விடல. எத்தனை பேருக்கு இந்தக் குடுப்பினை? என் வீட்டுக்காரரா இருந்தா 'நீ ஏன் அங்க வேலைக்குப் போன'ன்னு என்னைக் கேட்டிருப்பார்.

— அடிச்சது சரின்னு சொல்றீங்களா அண்ணி?

— பின்ன? இத்தனை நாளா இவனைப் பாத்து எனக்கே ஒரு கவலை. பொண்டாட்டி வர்றதுக்குள்ள தண்ணி சுட வைக்கிறதும், வாசல்ல பையை வாங்குறதும், அவ உக்கார்ற வரைக்கும் நின்னுட்டே இருக்கறதும்… சரி, என்னமோ பண்ணிட்டுப் போகட்டும்னு விட்டேன். நேத்துதான் இவன் ஆம்பளைன்னு காட்டினான். அது சரி, கையில என்னடா ஷூ?

— இதா? இது… பாலிஷ் போடலாம்னு எடுத்தேன்க்கா.

— ஒத்தை ஷூவுக்கா?

— இன்னொண்ணு அவ கால்ல இருக்கு. 'நீ கழட்டிக் குடு, நான் போட்டுத் தர்றேன்'னு சொல்லிட்டிருந்தேன்.

— நல்லா இருக்கு, வீங்கின கையோட பாலிஷ்! இந்தாம்மா, ஐஸை இவன் கையில அழுத்திப் பிடி. சண்டை போடாதீங்க. மாடிக்குக் கேக்குது. நான் வர்றேன்.

— சரிக்கா.

— கதவைச் சாத்திட்டியா?

— சாத்திட்டேன்.

— பாலிஷ்.

— அக்காகிட்ட வேற என்ன சொல்லச் சொல்ற?

— அக்கா முன்னாடி 'நீ கழட்டிக் குடு' எவ்வளவு சரளமா வருது! இங்க 'நீ' சொல்லிப் பழக்கமில்லைன்னியே.

— வெளியாளுங்க முன்னாடி அப்படித்தானே பேசணும்னு நாமளே பேசி வச்சோம்.

— பேசாம மறைக்கறது வேற. நேராக் கேட்டா பொய் சொல்றது வேற. உனக்கு அந்த ரெண்டும் ஒண்ணாப் போச்சு. இரு, போன் அடிக்குது. மேனேஜர்… ஹலோ, சொல்லுங்க சார். வீட்லதான் இருக்கேன். இன்னும் வாயே திறக்கலையா அவர்? உங்க முன்னாடியேதான் உக்காந்திருக்காரா? மூக்கு வீக்கம் குறைஞ்சுதா சார்? சரி. நான் ஆமான்னு சொன்னா இன்னிக்கே அனுப்பிடுவீங்களா? புரியுது சார். கொஞ்ச நேரம் குடுங்க, நானே கூப்பிடுறேன்.

— என்னவாம்?

— கேக் மாஸ்டர் என்னைப் பத்தித் தப்பாப் பேசினார்னு என் வாயால ஒரு வார்த்தை வந்தாப் போதுமாம். இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. உன்மேல போலீஸ் கீலிஸ்னு எதுவும் வராது. ஓட்டல் பேரும் கெடாது.

— அப்ப சொல்லிடு.

— என்ன சொன்ன?

— சொல்லிடுன்னேன். அவனுக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்கும். கைத்தொழில் தெரிஞ்சவன்தானே.

— பொம்பளைகிட்டத் தப்பா நடந்தவன்னு பேர் வாங்கிட்டுப் போனா எந்தக் கிச்சன்ல சேத்துப்பாங்க? நீ குதிரை மேல ஏறி ஜம்முனு நிக்கணும், அதுக்கு நான் ஒரு மனுஷனைக் கீழ போட்டு மிதிக்கணும். அப்படித்தானே?

— நான் அப்படிச் சொல்லல.

— அப்படித்தான் சொன்ன. மேனேஜர் கேக்குறார், பக்கத்துல நிக்கறவங்க கேக்குறாங்க, நான் கேட்டேன். 'செஃப் புருஷன்கிட்ட என்ன பேசின'ன்னா தரையைப் பாக்கறார். இல்லைன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. தப்பே பண்ணாதவன் எதுக்கு வாயை மூடிட்டு உக்காந்திருக்கணும்?

— தப்பு பண்ணினவன்தான் வாயடைச்சுப் போவான்.

— நீயும்தான் வாயடைச்சுப் போயிருக்க.

— சந்தேகப்படுறியா என்னை?

— ஆமா. அவர் என்ன சொன்னார்? அந்த வார்த்தையைச் சொல்லு. எவ்வளவு அசிங்கமா இருந்தாலும் பரவாயில்ல. சமையல்காரி நான், கேக்காத கெட்ட வார்த்தை கிடையாது.

— பிரேக்.

— என்ன?

— பிரேக்னு சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்னா நிறுத்தணும். எப்ப வேணா, யார் வேணா சொல்லலாம்னு பேசியிருக்கோம்.

— அது நான் தலைவியா இருந்து உனக்குக் கட்டளை போடறப்ப. அப்ப நீ மூச்சுக்காத்துல சொன்னாக்கூட நிறுத்தியிருக்கேன். ஒரு தடவையாவது மீறியிருக்கேனா?

— இல்ல.

— இது கட்டளை இல்ல. பொண்டாட்டி கேக்குற கேள்வி. இதுக்குப் பிரேக் கிடையாது. பதில் சொல்ல இஷ்டமில்லையா, கதவு அங்க இருக்கு, திறந்துட்டுப் போ. நான் தடுக்க மாட்டேன். போறியா?

— போகல.

— அப்பச் சொல்லு. நேத்து நீ எங்க நின்ன?

— வழக்கமா நிக்கற இடம்தான். குப்பை எடுக்கற வாசல் பக்கம். நீ கைகழுவிட்டு வர்றேன்னு சொல்லி அனுப்பின. கத்திப் பை என் தோள்ல இருந்துச்சு.

— அவர் எப்படி வந்தார்?

— உள்ள இருந்து. கையெல்லாம் மாவு. துடைச்சுக்கிட்டே வந்தான்.

— வேற யாராவது இருந்தாங்களா?

— பாத்திரம் கழுவற ரெண்டு பேரு. கொஞ்சம் தள்ளி பீடி குடிச்சிட்டிருந்தாங்க.

— வந்து உன்கிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னார்?

— உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல.

— சத்தமாச் சொல்லு.

— உன்னைப் பத்தி அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லல! போதுமா? உன் பேச்சே எடுக்கல. என்னைத்தான் கேட்டான்.

— என்ன கேட்டார்?

— கிட்ட வந்தான். சுத்திமுத்திப் பாத்தான். 'நீங்களும் வீட்ல முட்டி போடுவீங்களாமே'ன்னு கேட்டான்.

— சிரிச்சுக்கிட்டா கேட்டார்?

— லேசாச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. மெதுவாத்தான் கேட்டான். ஆனா அந்த ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தாங்க. அவங்களுக்குக் கேட்டுச்சோ இல்லையோ, எனக்கு அப்படியே தலை சுத்திருச்சு. நாளைக்கு ஓட்டல் முழுக்கப் பேசுவாங்க. என் கம்பெனிக்குப் போகும். அக்காவுக்குத் தெரியும். எவ்வளவு உசரத்துல வேணா கயித்தைப் பிடிச்சுத் தொங்குவேன், பயந்ததில்ல. நேத்து பயந்துட்டேன்.

— நீ என்ன பதில் சொன்ன?

— என்ன சொல்றது?

— ஆமான்னு சொல்லியிருக்கலாம். 'உங்களுக்கென்ன அதைப் பத்தி'ன்னு கேட்டுட்டு நடந்திருக்கலாம். சிரிச்சுட்டு நின்னிருக்கலாம்.

— ஆமான்னு சொல்ல வாய் வரல. கை வந்துருச்சு.

— அப்ப என் மானம், உன் வீரம், கயிறு அறுந்துச்சு, கவ்விக்கிச்சு… எல்லாம்?

— அடிச்சப்புறம் எல்லாரும் ஓடி வந்து ஏன் ஏன்னு கேட்டாங்க. வாயில வந்தது அதான். பொண்டாட்டியைச் சொன்னான்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்கன்னு தெரியும்.

— என் பேரைப் போட்டு உன் வெக்கத்தை மூடிக்கிட்ட.

— ஆமா.

— இவ்வளவு நாளா என் முன்னாடி முட்டி போட்டது உனக்கு வெக்கமா?

— போடறப்ப இல்ல. சத்தியமா இல்ல. அந்த நேரம்தான் எனக்கு நாள் முழுக்கவே நிம்மதி. எவனோ ஒருத்தன் வாயால அதைக் கேட்டப்பதான்… எனக்குச் சொல்லத் தெரியல.

— போனை எடு.

— என்ன பண்ணப் போற?

— ஹலோ சார். நான்தான். கேக் மாஸ்டர் என்னைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை பேசல. ஆமா, உறுதியாத்தான் சொல்றேன். என் வீட்டுக்காரர் வாயாலயே இப்பக் கேட்டேன். தப்பு முழுக்க இவர் மேல. என்ன பேச்சா? அது எங்க வீட்டு விஷயம், அதை நான் சொல்ல மாட்டேன். சொல்லலைன்னா என் வேலைக்கு வருமா? வரட்டும் சார். போலீஸ்ல குடுக்கறதும் குடுக்காததும் கேக் மாஸ்டர் இஷ்டம். நாங்க ரெண்டு பேரும் இன்னும் கொஞ்ச நேரத்துல வர்றோம். இவர் எல்லார் முன்னாடியும் அவர்கிட்ட மன்னிப்புக் கேப்பார். வச்சிடறேன்.

— எல்லார் முன்னாடியுமா?

— அடிச்சது எல்லாருக்கும் தெரியும். பொய் சொன்னது எல்லார் முன்னாடியும்தானே.

— கேக்கறேன். தலை எழுத்து, கேக்கறேன். ஆனா நீ எனக்கு ஒண்ணு சொல்லு. நேத்துலருந்து இதையே நெனச்சுட்டிருக்கேன். அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? இந்தக் கதவைச் சாத்திட்டுத்தான் இருக்கோம். ஜன்னல் எல்லாம் திரை போட்டிருக்கு. அக்காவுக்கே தெரியாது. பின்ன எவன் சொன்னான் அவனுக்கு?

— நான் சொன்னேன்.

— என்ன?

— நான்தான் சொன்னேன். போன வாரம்.

— நீயா! என் கையை உன் கைக்குள்ள வச்சுக்கிட்டு, இந்தக் கதவைத் தாண்டி எதுவும் போகாதுன்னு நீயும்தானே சத்தியம் பண்ண? அப்புறம் எந்த மூஞ்சியோட இவ்வளவு நேரம் என்னை நிக்க வச்சுக் கேள்வி கேட்ட?

— கேளு. கத்து. உன்னைக் கேக்காம சொன்னது தப்பு. அதுக்கு நீ என்ன சொன்னாலும் வாங்கிக்கறேன்.

— மாவு பிசைஞ்சுக்கிட்டே ரெண்டு பேரும் சிரிச்சீங்களா? 'என் வீட்டுல ஒரு பைத்தியக்காரன் இருக்கான், முட்டி போட்டு ஷூ கழட்டுவான்'னு சொன்னியா?

— யாரும் சிரிக்கல. அவர் அழுதுட்டிருந்தார்.

— அவன் எதுக்கு அழணும்?

— அது அவர் ரகசியம். அதனாலதான் நேத்துலருந்து மேனேஜர்கிட்டயும் சொல்லல, உங்கிட்டயும் சொல்லல. அடி வாங்கியும் அவர் வாயைத் திறக்காததுக்கும் அதான் காரணம். திறந்தா அவர் மட்டும் இல்ல, நீயும் மாட்டுவ.

— புரியற மாதிரி சொல்லு.

— அவர் உங்கிட்ட கேட்டதை இன்னொரு தடவை சொல்லு. ஒரு எழுத்து விடாம.

— எத்தனை தடவை சொல்றது? 'நீங்களும் வீட்ல முட்டி போடுவீங்களாமே'ன்னு கேட்டான். கேட்டுட்டுக் கையை வேற நீட்டினான், என்னமோ பெரிய சிநேகிதன் மாதிரி.

— 'நீங்க'ன்னு கேக்கல, 'நீங்களும்'னு கேட்டிருக்கார்; இந்த உலகத்துல தன்னை மாதிரி இன்னொருத்தர் இல்லவே இல்லன்னு அழுதவரை, 'என் வீட்டுக்காரர்கிட்டப் போய்ப் பேசுங்க, அவர் உங்களைப் பாத்துச் சிரிக்க மாட்டார்'னு சொல்லி நான்தான் உங்கிட்ட அனுப்பினேன்.